நாதிரா (நடிகை)

நாதிரா (டிசம்பர் 5, 1932 – பெப்ரவரி 9, 2006) இந்தித் திரைப்படங்களில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நடித்த புகழ்பெற்ற நடிகை ஆவார். இவரது இயற்பெயர் புளோரன்ஸ் எசக்கியேல். பம்பாயில் வாழ்ந்த பாக்தாதி யூதச் சமூகத்தைச் சேர்ந்தவர். மெஹ்பூப் கான் இயக்கிய ஆன் (1952) திரைப்படத்தில் செருக்கு மிக்க இராசபுத்திர அரசிளங்குமரியாகத் தோன்றிப் புகழ் பெற்றார். ராஜ் கபூரின் ஸ்ரீ 420 (1955) திரைப்படத்தில் இரவு விடுதிகளின் அரசியாகிய மாயா என்னும் வேடம் இவரது அடையாளமாகவே நிலைத்துவிட்டது. ஜூலி (1975) திரைப்படத்தில் நடித்தமைக்காகச் சிறந்த துணை நடிகைக்கான பிலிம்பேர் விருதைப் பெற்றார்.

இவரது வாழ்க்கை நகைமுரண்கள் நிறைந்தது. யூதப் பெண்ணான இவர் இந்து இளவரசியாகவும், முசுலிம் கணிகையர் இல்லத் தலைவியாகவும், கிறித்தவத் தாயாகவும் நடித்தார். ஒரே ஒரு பாடல் காட்சியில் ஏந்திய சிகரெட் குழல் இவரை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தது. திரையில் ஆண்களைக் கெடுப்பவராகக் காட்டப்பட்டவர், வீட்டில் புத்தகங்களோடு பொழுதைக் கழித்தவர். முதுமையில் தம்மையே கேலி செய்துகொள்ளும் கூர்மையான, ஒளிவுமறைவற்ற பேச்சுக்காகவும் திரையுலகில் பெயர் பெற்றிருந்தார்.

பின்னணி: பாக்தாதி யூதர்கள்

இந்தியாவில் யூதர்கள் மூன்று பெரும் பிரிவினராக வாழ்ந்து வந்தனர். கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட பெனெ இசுரவேலர் முதற் பிரிவினர். மலையாளம் பேசிய கொச்சி யூதர் இரண்டாம் பிரிவினர். மட்டாஞ்சேரியில் 1568 இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக் கூடம் கொச்சி யூதர்களுடையதே. மூன்றாம் பிரிவினர் பாக்தாதி யூதர். இப்பெயர் பாக்தாத் நகரை மட்டும் குறிப்பதன்று. பாசுரா, அலெப்போ முதலிய பிற மேற்காசிய நகரங்களிலிருந்து வந்தவர்களும் இப்பெயராலேயே அழைக்கப்பட்டனர்.

தமிழகத்திலும் யூத வணிகர்கள் இருந்துள்ளனர். கும்பினியார் காலத்துச் சென்னையில் பவழம், வைர வணிகத்தில் ஈடுபட்ட யூதர்களின் நினைவாக மண்ணடிப் பகுதியின் பவழக்காரத் தெரு இன்றும் உள்ளது. ஆயினும் அச்சமூகம் சென்னையில் நிலைத்து நிற்கவில்லை.

பாக்தாதி யூதர்களுள் புகழ் பெற்றவர் 1832 ஆம் ஆண்டில் பம்பாய் வந்து சேர்ந்த டேவிட் சாசூன் ஆவார். இவரது குடும்பம் பருத்தி, அபினி வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியது. பைக்குல்லாவின் மாகென் டேவிட் தொழுகைக் கூடம் (1864), கோட்டைப் பகுதியின் நெசெத் எலியாகு தொழுகைக் கூடம் (1884), சாசூன் துறை (1875) ஆகியவை இக்குடும்பத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. எனினும் பம்பாயில் வாழ்ந்த பாக்தாதி யூதர் அனைவரும் சாசூன்கள் அல்லர். எழுத்தர்களும் சிறு வணிகர்களும் தொழிலாளர்களுமே பெரும்பான்மையினராக இருந்தனர்.

இச்சமூகத்தினர் ஆங்கிலக் கல்வியையும் மேலை உடையையும் விரைவாக ஏற்றனர். ஆங்கிலேயர் அவர்களை ஐரோப்பியராகக் கருதவில்லை. இந்தியர் அவர்களை முழுமையாக இந்தியராகவும் கருதவில்லை. இந்த இடைநிலையே அச்சமூகப் பெண்கள் சிலருக்குத் திரைப்படத் துறையின் கதவைத் திறந்துவிட்டது.

யூதப் பெண்களும் இந்தியத் திரைப்படமும்

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமாகிய ராஜா அரிச்சந்திரா 1913 இல் வெளிவந்தது. அதில் தாராமதி வேடத்தில் நடித்தவர் அண்ணா சாலுங்கே என்ற ஆண். நடிப்புத் தொழில் குடும்பப் பெண்களுக்கு இழிவானது என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்ததே இதற்குக் காரணம். அத்தகைய தடை அவ்வளவு இறுக்கமாக இல்லாத ஆங்கிலோ-இந்திய, யூதச் சமூகங்களிலிருந்து முன்வந்த பெண்களைப் பேசாப்படத் தயாரிப்பாளர்கள் வரவேற்றனர்.

இவர்களுள் முதன்மையானவர் சுலோசனா என்ற பெயரில் நடித்த ரூபி மையர்ஸ் (1907–1983). தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றிய இவர் 1920களில் இந்தியாவின் பெரும் நட்சத்திரமானார். வைல்டுகேட் ஆப் பம்பாய் (1927) திரைப்படத்தில் எட்டு வேடங்களில் தோன்றினார். இவரது ஊதியம் பம்பாய் ஆளுநரின் ஊதியத்தைவிடக் கூடுதல் என்று அக்காலத்தில் பேசப்பட்டது. 1973 ஆம் ஆண்டுக்கான தாதாசாகெப் பால்கே விருது இவருக்கு வழங்கப்பட்டது. கல்கத்தாவில் பிறந்த எசுதர் விக்டோரியா ஆபிரகாம், பிரமிளா என்ற பெயரில் நடித்தார், படங்களும் தயாரித்தார், 1947 இல் முதல் இந்திய அழகியாகத் தேர்வு பெற்றார். ஆண்களுள் டேவிட் ஆபிரகாம் புகழ் பெற்ற குணச்சித்திர நடிகர். இந்தியாவின் முதல் பேசும்படமாகிய ஆலம் ஆராவின் (1931) கதையை எழுதிய ஜோசப் டேவிட்டும் ஒரு யூதரே.

இப்பட்டியலில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ரூபி சுலோசனாவானார், எசுதர் பிரமிளாவானார், புளோரன்ஸ் நாதிராவானார். இயற்பெயர்கள் சுவரொட்டிகளில் இடம்பெறவில்லை. ஆகையால் தாம் கைதட்டி வரவேற்ற நடிகையர் யூதர்கள் என்பதைப் பார்வையாளர்களில் பலர் அறிந்திருக்கவே இல்லை.

பேசும்படம் வந்தபோது இவர்களுக்குப் புதிய இடர் தோன்றியது. பேசாப்படத்தில் முகம் போதுமானதாக இருந்தது; பேசும்படத்திலோ இந்துத்தானி மொழியைத் திருத்தமாகப் பேச வேண்டியிருந்தது. சுலோசனா நடிப்பைச் சிறிது காலம் நிறுத்திவைத்து மொழியைக் கற்ற பின்னரே திரும்பினார். நாதிரா நடிக்க வந்த காலத்தில் இவ்விடர் பழங்கதையாகிவிட்டது. அவருடைய உருது உச்சரிப்பும் வசனத்தை அழுத்தி நிறுத்திச் சொல்லும் முறையும் பின்னர் அவரது பெரும் வலிமைகளாயின.

அறிமுகமும் ஆன் திரைப்படமும்

சிறுமியாக இருந்தபோதே மௌஜ் (1943) என்ற திரைப்படத்தில் நாதிரா தோன்றினார். ஆயினும் அவரது உண்மையான அறிமுகம் ஆன் திரைப்படமே. மெஹ்பூப் கானின் மனைவியும் நடிகையுமான சர்தார் அக்தர் வழியாக இவ்வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அரசிளங்குமரி வேடத்துக்கு முதலில் நர்கிசு கருதப்பட்டிருந்தார். அவர் விலகியதால் அனுபவமற்ற புதுமுகம் ஒருவர், அக்காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரங்களுள் ஒருவரான திலீப் குமாருக்கு இணையாக நிற்க நேர்ந்தது. அப்போது நாதிராவுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. 'நாதிரா' என்ற அரபுச் சொல்லுக்கு 'அரியவள்' என்பது பொருள்.

ஆன் பெரும் பொருட்செலவில் உருவான வண்ணப்படம். 16 மி.மீ. கேவாகலர் சுருளில் படம் பிடித்து, இலண்டனில் டெக்னிகலர் முறையில் பெரிதாக்கிப் படிகள் எடுக்கப்பட்டன. இசை நௌசாத். ஒளிப்பதிவு பரிதூன் இரானி. எளிய குடியில் பிறந்த வீரனான ஜெய், அடங்காத குதிரையை அடக்கிப் பின்னர் அடங்காத இளவரசியையும் அடக்க முனைவதே கதை. இளவரசியைக் கவர்ந்து சென்று, குடியானவப் பெண்ணாக வாழ வைத்து அவளது செருக்கை நீக்குகிறான் நாயகன். இன்றைய பார்வையில் இக்கதை பெண்ணை இழிவுபடுத்துவதாகவே தோன்றும். ஆனால் படத்தைப் பார்ப்போர் நினைவில் தங்குவது அடங்கிய இளவரசி அன்று. புருவத்தை உயர்த்தி, முகவாயை நிமிர்த்தி, அடங்க மறுத்து நிற்கும் இளவரசியே.

இலண்டனில் இப்படம் சிறப்புக் காட்சியுடன் வெளியிடப்பட்டது. பல நாடுகளில் திரையிடப்பட்டது; தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் மொழிமாற்றம் செய்யப்பட்டது. ஆங்கிலத்தில் 'காட்டுத்தனமான இளவரசி' என்ற பொருளுடைய தலைப்பு சூட்டப்பட்டது. பிரான்சிலோ, நிம்மி நடித்த துணை நாயகிப் பாத்திரத்தின் பெயரால் 'மங்களா, இந்தியாவின் மகள்' என்ற பொருளில் வெளியாயிற்று. மங்களா பாத்திரம் படத்தின் இடையிலேயே இறந்துவிடுவதை விநியோகத்தார் விரும்பாததால், நிம்மிக்காக ஒரு நீண்ட கனவுக் காட்சி சேர்க்கப்பட்டது. இவ்வாறு இளவரசியின் படம் ஒரு நாட்டில் அவருக்கே உரியதாகவும், மற்றொரு நாட்டில் வேறொருவருடையதாகவும் வழங்கிற்று.

ஸ்ரீ 420: மாயா

ஸ்ரீ 420, அலகாபாத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு நடந்து வரும் ராஜ் என்ற இளைஞனின் கதை. தலைப்பில் உள்ள 420 என்ற எண், மோசடிக் குற்றத்துக்குரிய அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவைக் குறிக்கும். நாயகனை இரு பெண்கள் இரு திசைகளில் இழுக்கின்றனர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வித்யா (நர்கிசு) ஒருத்தி. செல்வர் விடுதிகளில் உலவும் மாயா (நாதிரா) மற்றொருத்தி. வித்தையும் மாயையும் என்ற இப்பெயர்களின் குறிப்புப் பொருளைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சூதாட்டத்தில் ராஜ் காட்டும் கைத்திறமையைக் கண்டு அவனைச் செல்வர் உலகுக்கு அழைத்து வருபவள் மாயா. அவனுக்கு உயர்ந்த உடை கொடுத்து, இளவரசன் எனப் பொய்யாக அறிமுகம் செய்கிறாள். விடுதிக்கு அழைத்து வரப்பட்ட வித்யா அவமானமுற்று வெளியேற, அவள் பின்னே செல்லத் தயங்கி நிற்கும் ராஜைத் தடுத்து மாயா பாடுகிறாள். 'முட் முட் கே ந தேக்' என்ற அப்பாடலின் தலைப்புக்குத் 'திரும்பித் திரும்பிப் பார்க்காதே' என்பது பொருள். சங்கர்-ஜெய்கிஷன் இசையில், சைலேந்திராவின் வரிகளை ஆஷா போஸ்லேயும் மன்னா டேயும் பாடினர். மாயாவின் அழைப்பாகத் தொடங்கும் பாடலை இடையில் ராஜே ஏற்றுப் பாடத் தொடங்குகிறான். நாயகன் வழி தவறிவிட்டான் என்பதை வசனம் ஏதுமின்றி இசையே சொல்லிவிடுகிறது.

இக்காட்சியில் நாதிரா மிகுதியாக ஆடுவதில்லை. ஆட்டம் பெரும்பாலும் பின்னணிக் கலைஞர்களுடையது. உடலோடு ஒட்டிய மேலை உடை, நீண்ட சிகரெட் குழல், ஒரு பக்கம் உயரும் புருவம், நிதானமான நடை ஆகியவையே அவருடைய கருவிகள். திரும்பிப் பார்க்காதே என்று சொன்ன அப்பாடலுக்காகவே அடுத்த ஐம்பது ஆண்டுகளும் இரசிகர்கள் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது சுவையான முரண்.

சோவியத் ஒன்றியத்திலும் இப்படம் பெரும் வரவேற்பைப் பெற்றது. உலகெங்கும் பரவிய அப்புகழில் நாதிராவின் முகமும் சேர்ந்தே பயணம் செய்தது.

இரவு விடுதிக் காட்சியின் இலக்கணம்

காபரே எனப்படும் விடுதி ஆடல்-பாடல் ஐரோப்பிய நகரங்களில் அரசியலையும் சமூகத்தையும் கேலி செய்யும் கலையாகவும் விளங்கியது. பாரிசு, பெர்லின் முதலிய நகரங்களின் விடுதி மேடைகளில் யூதக் கலைஞர்கள் பலர் பாடகர்களாகவும் பாடலாசிரியர்களாகவும் நகைச்சுவையாளர்களாகவும் திகழ்ந்தனர். இந்தியத் திரைப்படம் அக்கலையிலிருந்து உடையையும் இசையையும் விளக்கொளியையும் எடுத்துக்கொண்டது, கேலியை விட்டுவிட்டது. கேலிக்குப் பதிலாக அறநெறிப் பாடம் ஒன்றைச் சேர்த்தது.

இந்தித் திரைப்படத்தின் இரவு விடுதிக் காட்சி பொதுவாகப் பின்வரும் அமைப்பைக் கொண்டிருந்தது.

* நகரம், செல்வம், மேலை நாகரிகம் ஆகிய மூன்றும் ஓர் அறைக்குள் அடக்கிக் காட்டப்படும்.
* புல்லாங்குழலுக்கும் சிதாருக்கும் மாறாகத் துருப்பெட், சாக்சபோன், டிரம்சு ஆகிய கருவிகள் ஒலிக்கும்.
* புடைவை அணிந்த நாயகி விளிம்பில் நிற்பாள். கவுன் அணிந்த மங்கை நடுவில் நிற்பாள்.
* பார்வையாளர்கள் அக்காட்சியைச் சுவைத்து மகிழ்வர். கதையோ அதைக் கண்டிக்கும்.

சுவைப்பதும் கண்டிப்பதும் ஒருங்கே நிகழ வேண்டுமானால், குற்றத்தைச் சுமக்க ஒருவர் வேண்டும். அச்சுமை விடுதி மங்கையின் தலையில் வைக்கப்பட்டது. அவ்வேடங்களில் நாதிரா, குக்கூ, எலன் போன்ற யூத, ஆங்கிலோ-இந்திய, பர்மியப் பின்னணி கொண்ட நடிகையர் மிகுதியாக இருந்ததும் தற்செயலன்று. 'நம் வீட்டுப் பெண் அல்லள்' என்று பார்வையாளர் கருதுவதற்கு ஏற்ற முகங்களையே தயாரிப்பாளர்கள் தேடினர்.

தமிழ்த் திரைப்படத்துக்கும் இவ்வழக்கம் அயலானதன்று. எலன், சிவாஜி கணேசன் நடித்த உத்தம புத்திரன் (1958) திரைப்படத்தில் ஆடியுள்ளார். பின்னர் விஜயலலிதா, ஜோதிலட்சுமி, ஜெயமாலினி, சில்க் சுமிதா முதலியோர் 'கிளப் டான்ஸ்' எனப்பட்ட இக்காட்சிகளால் புகழ் பெற்றனர். இவர்களுள் பலரும் சிறந்த வேடங்களுக்காக நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. 1970களில் சீனத் அமான், பர்வீன் பாபி போன்ற நாயகிகளே மேலை உடை அணிந்து ஆடத் தொடங்கியதும் தனி விடுதி மங்கையின் தேவை குறைந்தது. அப்பாத்திரவகையும் படிப்படியாக மறைந்தது.

வில்லி முத்திரை

ஸ்ரீ 420 திரைப்படத்தின் வெற்றி நாதிராவுக்கு நன்மையும் தீமையும் செய்தது. ஆன் திரைப்படத்தில் நாயகியாகத் தொடங்கியவர், மாயாவுக்குப் பின்னர் வசீகர வில்லியாகவே பார்க்கப்பட்டார். அதே உடையும் அதே சிகரெட் குழலும் கொண்ட வேடங்களே மீண்டும் மீண்டும் அவரைத் தேடி வந்தன. நாயகிக்கு இருக்க வேண்டியதாகக் கருதப்பட்ட அடக்கம் அவர் முகத்தில் இல்லை என்பதே திரையுலகின் கணிப்பு.

சிலப்பதிகாரத்தை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு வித்யா–மாயா இணையைக் காணும்போது கண்ணகியும் மாதவியும் நினைவுக்கு வரக்கூடும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இளங்கோவடிகள் மாதவிக்குக் காதலையும் துயரத்தையும் துறவையும் கொடுத்தார். 1950களின் திரைப்படமோ மாயாவுக்கு உடையையும் பாடலையும் மட்டுமே கொடுத்தது. அவள் எங்கிருந்து வந்தாள், விடுதி விளக்குகள் அணைந்தபின் எங்கே செல்வாள் என்பதைக் கதை கேட்பதே இல்லை.

தில் அப்னா அவுர் ப்ரீத் பராயி (1960) திரைப்படத்தில், செவிலியைக் காதலிக்கும் மருத்துவர் கடமைக்காக மணந்துகொள்ளும் குசும் என்ற செல்வர் வீட்டுப் பெண்ணாக நாதிரா நடித்தார். மீனா குமாரியின் பொறுமைக்கு எதிரிடையாக நாதிராவின் சினம் நிறுத்தப்பட்டது. கதை குசுமைக் கொடியவளாகக் காட்டுகிறது. ஆனால் கணவனின் அன்பு வேறிடத்தில் இருப்பதை அறிந்த மனைவிக்குச் சினம் கொள்ள உரிமை இல்லையா என்ற வினாவைப் பார்வையாளர் மனத்தில் நாதிராவின் நடிப்பு எழுப்பிவிடுகிறது.

குணச்சித்திர வேடங்கள்

வயது கூடக்கூட நாதிராவின் வேடங்கள் சிறிதாயின, ஆழமாயின. மெர்ச்சண்ட்–ஐவரி நிறுவனத்தின் தி குரு (1969), பம்பாய் டாக்கி (1970) ஆகிய ஆங்கிலப் படங்களில் நடித்தார். இந்தித் திரையுலகையே பகடி செய்யும் பம்பாய் டாக்கியில் உஷா ஐயர் என்ற பெயரில் ஒரு பாடல் பாடியவர், சென்னை இரவு விடுதியில் புடைவை அணிந்து பாடிப் புகழ் பெற்ற உஷா உதுப் என்பது குறிப்பிடத்தக்கது.

கமால் அம்ரோகியின் பாக்கீசா (1972), தொடங்கியதிலிருந்து வெளிவரும் வரை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பிடித்த படம். இதில் கணிகையர் இல்லத் தலைவி கௌகர் ஜானாக நாதிரா நடித்தார்.

அவரது வாழ்வின் முக்கியத் திருப்பம் சென்னையிலிருந்து வந்தது எனலாம். கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய சட்டக்காரி (1974) என்ற மலையாளப் படத்தை விஜயா நிறுவனத்தின் பி. நாகி ரெட்டி இந்தியில் ஜூலி (1975) என்ற பெயரில் தயாரித்தார். இந்திப் படத்தையும் சேதுமாதவனே இயக்கினார். நாயகியாக லட்சுமி நடித்தார். நாயகியின் தங்கையாகச் சிறுமி ஸ்ரீதேவி நடித்தார். ஆங்கிலோ-இந்திய இரயில் ஓட்டுநரின் மனைவியும் ஜூலியின் தாயுமான மார்கரெட் வேடம் நாதிராவுக்கு அளிக்கப்பட்டது.

மணமாகாமல் கருவுற்ற மகளை ஊரறியாமல் அழைத்துச் சென்று காக்கும் தாய் மார்கரெட். இந்தியாவைத் தன் நாடாகக் கருத முடியாமல், தான் கண்டிராத இங்கிலாந்தையே 'வீடு' என்று எண்ணி ஏங்குபவள். இவ்வேடத்தில் நாதிராவிடம் கவர்ச்சிப் பூச்சு ஏதும் இல்லை. கண்டிப்பும் அச்சமும் மானமும் கலந்த நடுத்தர வயதுத் தாயாகவே அவர் நிற்கிறார். லட்சுமிக்குச் சிறந்த நடிகை விருதும், நாதிராவுக்குச் சிறந்த துணை நடிகை விருதும் பிலிம்பேர் வழங்கியது.

மார்கரெட் கண்ட கனவு நாதிராவின் சொந்தச் சமூகத்துக்கும் அயலானதன்று. 1940களில் ஏறத்தாழ இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர் இந்தியாவில் வாழ்ந்தனர். 1947 இல் இந்திய விடுதலையும் 1948 இல் இசுரேலின் தோற்றமும் நிகழ்ந்தபின் பெரும்பாலோர் இசுரேல், பிரித்தானியா, ஆத்திரேலியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். நாதிராவின் உடன்பிறந்தோரும் வெளிநாடு சென்றனர். கப்பலேறத் துடிக்கும் தாயாக நடித்து விருது பெற்ற நாதிரா, தம் வாழ்வில் கப்பலேறவில்லை, பம்பாயிலேயே தங்கிவிட்டார்.

பின்னர் ரமேஷ் சிப்பியின் சாகர் (1985) திரைப்படத்தில் கமல்ஹாசன், ரிசி கபூர், டிம்பிள் கபாடியா ஆகியோருடன் மிஸ் ஜோசப் என்ற வேடத்தில் நடித்தார். இசுமாயில் மெர்ச்சண்ட் இயக்கிய காட்டன் மேரி (1999), மன்சூர் கானின் ஜோஷ் (2000) ஆகியவை அவரது இறுதிக் காலப் படங்களுள் அடங்கும்.

வேடங்களும் முரண்களும்

நாதிராவின் வேடங்களை வரிசைப்படுத்தினால் இந்தியாவின் பல சமயங்களும் அதில் இடம்பெறும். அவரது சமயம் மட்டும் இடம்பெறுவது அரிது. இதற்கு யஹூதி (1958) என்ற திரைப்படம் தக்க எடுத்துக்காட்டு. 'யஹூதி' என்றால் யூதர் என்பது பொருள். உரோமைப் பேரரசில் துன்புற்ற யூதர்களைப் பற்றிய கதை. ஆகா அசர் காசுமீரியின் நாடகத்தை ஒட்டியது. பிமல் ராய் இயக்கியது. அதில் யூத முதியவராக நடித்தவர் பார்சியான சோரப் மோடி. யூத நங்கையாக நடித்தவர் முசுலிமான மீனா குமாரி. உரோமை இளவரசராக நடித்தவர் திலீப் குமார். யூதப் பெண்ணாகிய நாதிராவுக்கு அப்படத்தில் வேடமே இல்லை.

இதைப் புறக்கணிப்பாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. யாரும் யாராகவும் நடிக்கலாம் என்ற பம்பாய்த் திரையுலகின் தாராளமும் இதில் அடங்கியுள்ளது. அந்தத் தாராளமே ஒரு யூதப் பெண்ணை இராசபுத்திர இளவரசியாக்கியது.

தனி வாழ்க்கை

நாதிரா உருதுக் கவிஞரும் பாடலாசிரியரும் இயக்குநருமான நக்சப் என்பவரை மணந்தார். நக்சப் இயக்கிய நக்மா (1953) திரைப்படத்தில் அசோக் குமாருடன் நாதிரா நடித்துள்ளார். இத்திருமணம் நிலைக்கவில்லை. இரண்டாவது திருமணமும் மிகக் குறுகிய காலத்தில் முறிந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

ரோல்சு-ராய்சு மகிழுந்தைச் சொந்தமாக வைத்திருந்த தொடக்ககால இந்திய நடிகையருள் இவரும் ஒருவர். திரையில் காட்டிய செல்வச் செழிப்பை ஒரு காலத்தில் வாழ்விலும் அனுபவித்தவர். எனினும் அவரை நெருங்கி அறிந்தவர்கள் மகிழுந்தைவிடப் புத்தகங்களையே மிகுதியாக நினைவுகூர்ந்தனர். சமயம், மெய்யியல், வரலாறு எனப் பரந்த வாசிப்பு உடையவராக இருந்தார்.

முதுமையிலும் கண்ணுக்கு மையிட்டு, உடையைத் திருத்தமாக அணிந்து, எதிரில் இருப்பவரை அசரவைக்கும் சொற்களை வீசுவது அவர் இயல்பு. தம் காதல்களையும் தோல்விகளையும் முடிந்துபோன திருமணங்களையும் நகைச்சுவையாகவே பேசினார். பிறர் மறைக்க விரும்பும் செய்திகளை அவரே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்துவிடுவதால், அவரைப் பற்றிப் புறம் பேசுவோருக்குச் சொல்லப் புதிதாக எதுவும் எஞ்சவில்லை. ஐரோப்பிய விடுதி மேடைக் கலைஞர்களின் அடிப்படைக் குணமாகிய தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் ஆற்றலைத் திரைப்படம் அவருக்கு எழுதித் தரவில்லை; அதை அவர் வரவேற்பறையில் தாமே நிகழ்த்திக்கொண்டார்.

இறுதிக் காலம்

உறவினர் பலரும் வெளிநாடுகளில் வாழ்ந்ததால், இறுதி ஆண்டுகளில் மும்பையில் தம் இல்லத்தில் பணிப்பெண் ஒருவரின் துணையோடு வாழ்ந்தார். உடல்நலக் குறைவால் நெடுநாள் துன்புற்ற அவர், பெப்ரவரி 9, 2006 அன்று மும்பையில் தமது 73 ஆவது வயதில் காலமானார். அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் பிரமிளாவும் மறைந்தார். அவ்வாறு, இந்தித் திரையின் யூத நடிகையர் மரபு 2006 ஆம் ஆண்டில் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

மதிப்பீடு

நாதிரா எண்ணிக்கையில் மிகுதியான நாயகி வேடங்களில் நடித்தவர் அல்லர். ஆயினும் இந்தித் திரைப்படத்தில் 'தீய மங்கை' என்ற பாத்திரவகைக்கு அறிவும் மிடுக்கும் சேர்த்தவர் என்ற வகையில் அவர் இடம் தனியானது. பிறர் நடித்த விடுதி மங்கையர் நாயகனை மயக்கினர். நாதிராவின் மாயா நாயகனை எடைபோட்டாள். அவள் பார்வையில் காமத்தைவிடக் கணக்கே மிகுதி. அதனாலேயே அப்பாத்திரம் இன்றும் பழையதாகத் தோன்றவில்லை.

அவரது வாழ்க்கை மற்றொரு செய்தியையும் உணர்த்துகிறது. இந்தியத் திரைப்படத்தின் தொடக்க அடித்தளத்தில், இன்று எண்ணிக்கையில் சில ஆயிரமாகச் சுருங்கிவிட்ட ஒரு சிறுபான்மைச் சமூகத்துப் பெண்களின் உழைப்பு கலந்துள்ளது. சுலோசனா, பிரமிளா, நாதிரா முதலியோரின் வாழ்வைத் தொகுத்துக் கூறும் சலோம் பாலிவுட் என்ற ஆவணப்படத்தை ஆத்திரேலியரான டேனி பென்-மோசே இயக்கினார். அது 2017 இல் வெளிவந்தது. புனைபெயர்களின் பின்னே மறைந்திருந்த இயற்பெயர்கள் அப்படத்தின் வழியே பரவலாக அறியப்பட்டன.

நடித்த திரைப்படங்களுள் சில

* மௌஜ் (1943)
* ஆன் (1952)
* நக்மா (1953)
* வாரிஸ் (1954)
* ஸ்ரீ 420 (1955)
* பாக்கெட் மார் (1956)
* தில் அப்னா அவுர் ப்ரீத் பராயி (1960)
* தி குரு (1969)
* பம்பாய் டாக்கி (1970)
* பாக்கீசா (1972)
* ஹஸ்தே ஜக்ம் (1973)
* ஜூலி (1975)
* அமர் அக்பர் அந்தோணி (1977)
* சாகர் (1985)
* தமன்னா (1997)
* காட்டன் மேரி (1999)
* ஜோஷ் (2000)